மூன்று போனும் ஒரே பதிலும்

அந்தக் கூடத்தில் இடம் பிடிப்பது என்றால் நாற்காலி பிடிப்பது இல்லை, பிளக் பாயின்ட் பிடிப்பது. ஐ.சி.யு.வுக்கு வெளியே இருந்த காத்திருப்புக் கூடம் அது. நாற்காலி நாற்பதுக்கு மேல் கிடந்தது. பிளக் பாயின்ட் ஆறே ஆறுதான், அதிலும் ஒன்று உயிரை விட்டு மாதக்கணக்காகியிருந்தது. எந்த நாற்காலியைப் பார்த்தாலும் ஒரு குனிந்த தலை, திரையில் ஓடும் ஒரு விரல். யாரும் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன வியாதியோ அதில் வெளியே இருப்பவர்கள் அரை டாக்டர் ஆகிக்கொண்டிருந்தார்கள். வந்து ஒரு வாரம் ஆனவர்கள் நேற்று வந்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனைக் காகிதம் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

தராசுக்கு அன்று பதின்மூன்றாவது நாள். தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் சோப்புத்தூள் பாக்கெட் போடும் கம்பெனியில் எடை சரிபார்ப்பவள். ஒவ்வொரு லோடும் வெளியே போகுமுன் அதிலிருந்து நாலு பாக்கெட்டை உருவி, மூன்று தராசில் தனித்தனியாக வைத்துப் பார்ப்பாள். மூன்றும் ஒன்றையே சொன்னால் லோடு போகும். ஒன்று மாறிச் சொன்னாலும் போகாது, முதலாளியே வந்து தலைகீழாக நின்றாலும் போகாது. அங்கே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயரை வீட்டுக்குள் கூட்டிவந்தவன் அவள் கணவன். பட்டப்பெயர் அவனுக்கும் உண்டு. தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்ததால் ஊர் அவனை 'செல் டாக்டர்' என்றது. தண்ணீரில் விழுந்த போன், மாடியிலிருந்து விழுந்த போன், புருஷன் மேல் இருந்த கோபத்தில் சுவரில் மோதிய போன், எல்லாவற்றையும் பிழைக்க வைப்பவன். இப்போது நுரையீரல் இரண்டிலும் சளி கட்டி, வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாய் இறங்கி, அவனுக்காக வென்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

காலை பத்து மணிக்கு டாக்டரம்மா தராசைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். குள்ளமான மனுஷி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருப்பார், உட்கார்ந்து பேசுவதே அபூர்வம். அன்று உட்கார்ந்து பேசினார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது, ஆனால் மெஷினை எடுக்கிற அளவுக்கு இல்லை. வாயில் குழாய் இருக்கும் வரைக்கும் தூக்க மருந்து கொடுத்துக் கிடத்தித்தான் வைக்க வேண்டும். கிடக்கக் கிடக்க உடம்பின் பலம் போகிறது, புதுத் தொற்று வரவும் வழி ஆகிறது. அதனால் கழுத்தின் முன்பக்கம் சின்னத் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றிவிட்டால் தூக்க மருந்தைக் குறைக்கலாம், ஆளை எழுப்பலாம், மெள்ள மெள்ள மூச்சுப் பழக்கலாம். இதைச் செய்கிற சர்ஜன் இன்று ஐந்து மணி வரை இருப்பார், விட்டால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். நாலு மணிக்குள் மனைவி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

தராசு யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, சம்மதக் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குக் கழுத்துத் துளை புதுச் செய்தி இல்லை. இரண்டு நாளைக்கு முன்பே போனில் படித்திருந்தாள். வேறு எதையோ தேடும்போது அதுவாகவே முன்னால் வந்து நின்ற பக்கம் அது. 'கழுத்தில் துளை: டாக்டர்கள் உங்களிடம் சொல்லாத உண்மைகள்' என்று தலைப்பு. துளை போட்டவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்புவதில்லை, திரும்பினாலும் பேசுவதில்லை என்று அதில் எழுதியிருந்தது. எழுதிய புண்ணியவான் பெயர் எங்கேயும் இல்லை.

ஒரு பக்கத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்கிறவள் இல்லை தராசு. அவளுக்குத்தான் ஒரு முறை இருக்கிறதே. கூடத்தின் மறு கோடியில், ஜன்னலோரப் பிளக் பாயின்ட்டை மூன்று நாளாக யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்துவந்த நாத்தனாரிடம் போனாள். நாத்தனார் அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவள், கணவனுக்குத் தங்கை. கையும் வாயும் சும்மா இருந்தால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இங்கே கைக்கு வேலை இல்லாததால் வாய் இரண்டு பங்கு ஓடிக்கொண்டிருந்தது. தராசு தான் பார்த்த பக்கத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லி, அதைப் பற்றி உன் போனில் நீயே தேடிப் பார், எது முதலில் வருகிறதோ அதைச் சொல் என்றாள்.

அடுத்து மாமனார். அவர் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. பதின்மூன்று நாளும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல அந்த மைதானத்தைச் சுற்றிவந்துகொண்டிருந்தார். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது என்பதால் போனில் தட்ட மாட்டார், பதிலையும் அதையே வாசிக்கச் சொல்லுவார், வாய்க்கு நேரே பிடித்துப் பேசித்தான் தேடுவார். அதுவும் பின் படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்லும் குரலில். அவரிடமும் அதே நிபந்தனை வைத்துவிட்டு மேலே வந்தாள்.

அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் வந்து சொன்னார்கள். நாத்தனார் போனை நீட்டினாள். அதே தலைப்பு, அதே பக்கம், முதல் இடத்தில். மாமனார் படியேறி வந்த மூச்சிரைப்போடு, அது நல்லதில்லை என்று போட்டிருக்கிறது, டாக்டர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்களாம் என்றார். நாத்தனார் அங்கேயே கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள்.

மூன்று தராசும் ஒன்றையே சொல்லிவிட்டது. பதினொன்றரை மணிக்குத் தராசு நர்ஸிடம் போய், துளை வேண்டாம், வாய்க்குழாயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நர்ஸ் அதைச் சார்ட்டில் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். முடிவு எடுத்தால் மனசு லேசாகும் என்பார்கள். தராசுக்கு ஆகவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் பிடிக்கப் போய்ப் பாட்டிலை மறந்துவிட்டு வந்தாள், மறுபடி போய் எடுத்துவந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் சோடியம், பொட்டாசியம் என்று எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க அவரை எழுந்து போகச் சொல்லலாமா என்றிருந்தது.

ஒன்றரை மணிக்கு டாக்டரம்மாவே வெளியே வந்தார். தராசைச் சுவரோரம் தள்ளிக் கூட்டிப்போய் நின்றபடி பேசினார்.

"ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

"மூணு பேர் தனித்தனியா பாத்தோம் டாக்டர். ஒருத்தர் பாத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. மூணுலயும் ஒண்ணுதான் வந்துச்சு."

"எதைப் பாத்தீங்க, காட்டுங்க."

தராசு காட்டினாள். டாக்டரம்மா நின்றவாக்கில் விறுவிறுவென்று தள்ளிப் படித்தார். இது ரொம்ப வயதானவர்கள், மூளையில் அடிபட்டு நினைவு திரும்பாதவர்களைப் பற்றி எங்கோ எழுதியதை வெட்டி ஒட்டியது, உங்கள் வீட்டுக்காரருக்கு நாற்பத்திரண்டு வயது, மூளையில் ஒரு கோளாறும் இல்லை, நுரையீரல் தேறி வருகிறது, அந்தக் கணக்கை இவருக்குப் போடக்கூடாது என்றார். அதற்குள் உள்ளே ஏதோ மெஷின் கத்தியது. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார்.

தராசுக்கு டாக்டர் மேல் மரியாதை உண்டு. ஆனால் கணக்கு என்று வந்தால் டாக்டர் ஒரு தராசு, இவர்கள் மூன்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். தான் அரளவில்லை, முறையாகச் சரிபார்த்திருக்கிறோம் என்பதுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு.

மணி இரண்டு பத்து. கையெழுத்துப் போடாவிட்டால் மூன்று நாளில் என்ன ஆகும் என்று தேடிவிடலாம் என்று போனை எடுத்தாள். தேடும் கட்டத்தைத் தொட்டதும் வழக்கம்போல அதன் அடியில் பழைய தேடல்கள் வரிசையாக வந்தன. இந்தப் பதின்மூன்று நாளில் அவள் அவற்றை ஒரு தடவையும் படித்ததில்லை, விரல் அதைத் தாண்டி ஓடிவிடும். இன்று விரல் ஒரு வினாடி நின்றது.

'கழுத்துல ஓட்டை போட்டா என் பையன் என்ன அப்பான்னு கூப்பிடுவானா.'

அவளுக்குப் பையன் கிடையாது. இருப்பது ஒரு பெண், தராசின் அம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்வருகிறது. ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். மாமனார் ஒரு வேனின் நிழலில் நின்று போனை வாய்க்கு நேரே பிடித்திருந்தார். உதடு அசைந்தது. தராசு கட்டத்தை மூடித் திறந்தாள். வரிசையில் மேலே புதிதாக ஒன்று ஏறியிருந்தது. 'துளை மூடுமா மூடாதா.'

கீழே தள்ளிப் பார்த்தாள். அழுத கண் வீக்கம் ஒரு மணி நேரத்தில் குறைய என்ன பூசலாம் என்று ஒரு கேள்வி. அது நாத்தனார். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்காக எத்தனை நாள் லீவு போட்டால் வேலையை விட்டு எடுப்பார்கள் என்று ஒன்று. அதுவும் நாத்தனார்தான், அவள் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அதற்கு நடுநடுவே தராசின் கேள்விகள். மூன்று பேருடைய பயமும் ஒரே பைக்குள் கிடந்தது.

எப்படி என்று யோசிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. வீட்டில் இருக்கிற எல்லாப் போனையும் அமைத்துக் கொடுத்தவன் அவன். ஆளுக்கொரு அக்கவுன்ட் வைத்தால் ஆளுக்கொரு பாஸ்வேர்டை மறந்துவிட்டு ஆளுக்கொரு நாள் என் கடை வாசலில் நிற்பீர்கள், எனக்கு வரும்படியில்லாத வாடிக்கை வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தன் அக்கவுன்ட்டிலேயே போட்டுவிட்டான். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. போட்டோவெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று மாமனார் பெருமைகூடப் பட்டார்.

அவள் கம்பெனியில் ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது. மூன்று தராசையும் சரிப்படுத்துவதற்கு ஒரே ஒரு எடைக்கல் இருந்தது. அது எப்போதோ கீழே விழுந்து அடிப்பக்கம் சில்லு போயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நாலு மாதம் பாக்கெட் எடை குறைந்து போனது. நாலு மாதமும் மூன்று தராசும் அழகாக ஒன்றையே சொன்னது. எல்லா லோடு சீட்டிலும் இருந்தது இவள் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு தராசுக்கும் தனித்தனி எடைக்கல் வாங்கினார்கள்.

யார் முதலில் கேட்டது என்று தேதி தேதியாகக் கீழே போனாள். ஐந்து நாளைக்கு முன்னால் மாமனார். அன்றைக்குப் பார்வை நேரத்தில் அவர்தான் உள்ளே போனவர், ஏதோ ஒரு டாக்டர் கழுத்தில் துளை போட வேண்டியிருக்கலாம் என்று அவர் காதில் போட்டிருக்க வேண்டும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. போனிடம் கேட்டிருக்கிறார். கேட்ட கேள்வியே 'ஓட்டை போட்டா செத்துருவானா' என்றுதான். பயந்த கேள்விக்கு அது பயந்த பதிலைத் தேடி எடுத்து வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மனுஷன் பதினேழு தடவை திறந்திருக்கிறார். பதினேழு தடவை திறந்ததை, இந்த ஆளுக்கு இதுதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று அது மூன்று போனிலும் முதலில் நீட்டியிருக்கிறது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் தராசு நேரே நர்ஸிடம் போயிருப்பாள். ஆனால் தள்ளிக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளையும் தாண்டி அதற்கு முந்திய நாட்களுக்குப் போய்விட்டது. அங்கே இருந்தது முழுக்க அவன். டிஸ்ப்ளே ஒட்டும் பசை மொத்தமாக எங்கே கிடைக்கும். இருமும்போது விலாவில் குத்துவது எதனால். பழைய மாடல் சார்ஜிங் போர்டு. சளி துரு நிறத்தில் வந்தால் என்ன அர்த்தம். நிமோனியா தானாகச் சரியாகுமா. எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இதை மட்டும் நாலு நாளில் நாலு தடவை. இருமல் சத்தம் பக்கத்தில் தூங்குகிறவருக்குக் கேட்காமல் இருக்க என்ன செய்வது.

முதல் இருமல் கேள்வியிலிருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் எண்ணினாள், பதினொரு நாள். அவளிடம் சொன்னது இரண்டு நாள் காய்ச்சல் என்று. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட "ரெண்டு நாளாத்தான்" என்றுதான் சொன்னான். ஹாலில் சோபாவில் போய்ப் படுத்ததற்கு முதுகு வலி என்று காரணம் சொன்னான், இவளும் தலையணையை எடுத்துக் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையும் அவள் கையாலேயே பரிமாற வைத்திருக்கிறான்.

தராசுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. உள்ளே போய் அந்தக் குழாய், வயர் எல்லாவற்றுக்கும் நடுவில் அவன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பதினொரு நாளும் இவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். டாக்டர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். இந்த மனுஷன் எல்லார் வாயையும் விட்டுவிட்டுக் கையகலக் கண்ணாடியிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபம் உச்சிக்கு ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இந்த இரண்டு நாளாகத் தானும் அதைத்தான் செய்கிறோம் என்று. காகிதம் கைப்பைக்குள் நாலு மடிப்பாகக் கிடந்தது. மணி இரண்டு நாற்பது.

படியிறங்கி வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். மாமனார் அவளைப் பார்த்ததும் போனைப் பின்னால் மறைத்தார், பீடி குடித்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையன் கணக்காக.

"மாமா, டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதை ஏன் இதுகிட்ட கேக்கறீங்க?"

அவர் வேன் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டாக்டர்கிட்ட கேட்டா அந்தம்மா மூஞ்சியைப் பாக்கணும்மா. பதில் சொல்றதுக்கு முன்னாடியே மூஞ்சி சொல்லிரும். இதுக்கு மூஞ்சி இல்ல."

தராசு அவரைத் திட்டத்தான் வந்திருந்தாள். அதை விட்டுவிட்டாள். மெதுவாக, பஸ் போகும் வழி சொல்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். மூன்று போனும் ஒரே அக்கவுன்ட். அவர் கேட்டதுதான் எல்லாருக்கும் வந்திருக்கிறது. மூன்று பேர் சொன்னதாக நினைத்தது ஒருத்தர் பயந்தது. அவர் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் வேனில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப நான் கேட்டதாலதான் நீ வேணாம்னு சொன்னியா?"

"நான் மூணுன்னு நம்பினதால வேணாம்னு சொன்னேன். நீங்க பயந்தீங்க, அவ்வளவுதான். பயப்படாம என்ன செய்வீங்க?"

அவன் பதினொரு நாள் தேடியதை அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். சொல்லவில்லை. அதற்கு இன்னொரு நாள் வரும். வாங்க மாமா, மூஞ்சியைப் பார்த்தே கேட்போம் என்று அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். நாத்தனாரும் பிளக் பாயின்ட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவள் நகர்ந்த அடுத்த நொடி சோடியக்காரர் அங்கே சார்ஜரைச் சொருகினார்.

கண்ணாடி அறைக்கு வெளியே முப்பத்தைந்து நிமிடம் நின்றார்கள். உள்ளே யாருக்கோ அவசரம். தராசு சுவர்க் கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். சர்ஜன் கிளம்பிவிட்டால், நாம் போட்ட முட்டுக்கட்டையாலேயே அவன் இன்னும் மூன்று நாள் மயங்கிக் கிடப்பான். அந்த மூன்று நாளில் ஏதாவது ஆனால் அந்தச் சீட்டிலும் கையெழுத்து இவளுடையதுதான். மூன்று இருபத்தெட்டுக்கு டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

தராசு கேட்க நினைத்ததை மாமனார் முந்திக்கொண்டு கேட்டார். பதின்மூன்று நாளில் அவர் அந்த அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"என் பையன் பேசுவானாம்மா?"

மாமனார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாதுங்க. பேசுவார்னுதான் நினைக்கறேன். மெஷினை விட்டு வந்தப்புறம் குழாயை எடுத்துட்டா துளை பெரும்பாலும் தானா மூடிக்கும், குரல் வரும். ஆனா இன்னைக்கே உறுதியா சொல்ல என்னால முடியாது. வாயில குழாய் இருக்கற வரைக்கும் அவரை எழுப்பவே முடியாது. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

தெரியாது. பதின்மூன்று நாளில் எத்தனை நூறு பக்கம் படித்திருப்பாள், ஒரு பக்கமாவது இந்த வார்த்தையைச் சொல்லியிருக்குமா என்று தராசு யோசித்தாள். எல்லாப் பக்கத்துக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எதிரே நின்ற அம்மாவின் கண்ணுக்கடியில் கருவளையம், சட்டையில் ஏதோ மருந்துக் கறை, தெரியாது என்று சொல்லும்போது குரலில் ஒரு சின்னச் சங்கடம். தராசுக்கு அந்தச் சங்கடத்தின் மேல்தான் நம்பிக்கை வந்தது. அவள் இன்னும் நாலு கேள்வி கேட்டாள். ரத்தம் வருமா, எவ்வளவு நேரம் ஆகும், தப்பாகப் போனால் என்ன செய்வீர்கள், உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் போடுவீர்களா. கடைசிக் கேள்விக்கு, போடுவேன், போட்டுவிட்டு நானும் உங்களைப் போல வெளியே உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பேன் என்றார் டாக்டரம்மா. தேடுவதை விட வேண்டாம், தேடினதை என்னிடம் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார்.

காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நாலு மடிப்பும் சிலுவை போலக் குறுக்கே கிடந்தது. மூன்று நாற்பத்தாறுக்குக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தர மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

துளை போட்டது அரை மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளே தவிர, மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. தூக்க மருந்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கண் இமை துடித்தது என்றாள் நர்ஸ். நாத்தனார் உடனே இமை துடித்தால் என்ன அர்த்தம் என்று தேடினாள். தேடிவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்து, போனைக் கவிழ்த்து வைத்தாள். அவன் எழுந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று தராசு மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். பதினொரு நாளுக்கும் பதினொரு கேள்வி வைத்திருந்தாள், ஒன்றைவிட ஒன்று காரமாக.

மூன்றாம் நாள் காலை பார்வை நேரத்துக்கு அவள் உள்ளே போனபோது அவன் கண் திறந்திருந்தது. வாயில் ஒன்றும் இல்லை. பதினாறு நாளாகப் பிளாஸ்திரியும் குழாயும் மறைத்துவைத்திருந்த வாயை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது, ஓரத்தில் புண், மீசையை யாரோ கோணலாகக் கத்தரித்திருந்தார்கள். கழுத்தில் வெள்ளைத் துணிப்பட்டை, அதன் நடுவே குழாய். பாடம் பண்ணியதெல்லாம் அவளுக்கு மறக்கவில்லை. முதல் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவன் வலது கை மெத்தையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. கட்டைவிரல் மேலும் கீழும் அசைந்தது. காற்றில் எதையோ தள்ளுவது போல, மறுபடியும், மறுபடியும். நர்ஸ் அதைக் கை நடுக்கம் என்று நினைத்தாள். தராசுக்குப் புரிந்துவிட்டது. அவன் போனைக் கேட்கிறான்.

"தரமாட்டேன்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது, பக்கத்துக் கட்டிலில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "எதைத் தேடணும் உங்களுக்கு? எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க. எனக்குத் தெரியலைன்னா டாக்டரைக் கேப்போம். நான் இங்கதான இருக்கேன்."

கட்டைவிரல் நின்றது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மறைத்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா, அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு வெடித்த உதடு அசைந்தது. சத்தம் இல்லை, காற்றெல்லாம் கழுத்துக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் புரியவில்லை. குனிந்தாள். அவன் திரும்பச் சொன்னான். இரண்டாவது தடவையும் புரியவில்லை, தலையை ஆட்டினாள். மூன்றாவது தடவை ஒவ்வோர் எழுத்தாக, உதட்டைச் சேர்த்துப் பிரித்துச் சேர்த்துப் பிரித்துச் சொன்னான்.

பயமா இருக்கு.

பதினொரு கேள்வியும் எங்கே போயிற்றோ. தராசு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்தாள். ஊசி குத்தாத இடமாகப் பார்த்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தாங்க" என்றாள். அத்தனை நாளில் அவள் அதை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.